கிழக்கு வீட்டுக்காரர் கற்பனை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மூன்றாம் மாடியில் குடியிருக்கும், பணி ஓய்வு பெற்ற லிஃப்ட் ஆய்வாளர் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் அச்சு இயந்திரங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவியும் நலம் என்று எழுதுவதுதான் முறை. முறைக்காக எழுதிவிட்டேன், அதை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

தங்கள் இசைப் பத்திரிகையின் இந்த மாத இதழில் ஒரு ராக் இசைக்குழுவின் டிரம்மரைப் பற்றி நான்கு பக்கம் வந்திருக்கிறதே, படத்தில் முகத்தை முழுக்க முடியால் மூடிக்கொண்டு குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி ஒருவன் உட்கார்ந்திருக்கிறானே, அவனுடைய அப்பா நான். அந்த முடிக்கு அடியில் இருப்பது என் மூக்குதான். இதழ் வந்த அன்றே கடைக்குப் போய், இருந்த பிரதிகளையெல்லாம் வாங்கிக்கொண்டு, 'இது என் பையன்' என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்தார், என் வழுக்கையைப் பார்த்தார், பையில் போட்டுக் கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்து படித்தேன். முதல் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. பையன் ஸ்டூலை மற்ற டிரம்மர்களைவிடத் தாழ்வாக வைத்துக்கொள்கிறான், பெரிய டிரம்மின் தோலை இறுக்காமல் தொளதொளவென்று விட்டுவிடுகிறான், நான்கைந்து சிம்பல், அதாவது பித்தளைத் தாளங்கள், இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்றுதான் வைத்திருக்கிறான், ஏன் என்று கேட்டால் 'மத்ததெல்லாம் சும்மா பேசிக்கிட்டே இருக்கும்' என்கிறான் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். எல்லாம் உண்மை. வீட்டிலும் அவனுக்கு அதிகம் பேசுகிறவர்களைக் கண்டால் ஆகாது, அதனால்தான் என்னிடம் போனில் பேசுவது குறைவு.

இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். தங்கள் நிருபர் அம்மையார், 'டிரம்ஸ் வாசிப்பதில் உங்கள் அணுகுமுறை என்ன?' என்று கேட்டிருக்கிறார். இவன் பேசாமல் 'நிறைய பயிற்சி' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். என் பையன் சொன்னதை அவர் அப்படியே போட்டிருக்கிறார்: 'நான் முதல்ல அடிக்கிறதே இல்லைங்க. எங்க வீட்டுக் கிழக்குச் சுவர்ல ஒருத்தர் மூணு தட்டு தட்டுவார். நாங்க ரெண்டு தட்டு பதில் சொல்லுவோம். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். மேடையில உக்காந்தாலும் நான் அதைத்தான் செய்றேன். காத்திருப்பேன். அவர் தட்டுவார், எனக்குக் கேக்கும், பதில் சொல்லுவேன். உங்களுக்கெல்லாம் பதில் மட்டும்தான் கேக்குது.' இதற்குக் கீழே நிருபர் அம்மையார் தம் சொந்தச் சரக்கைச் சேர்த்திருக்கிறார். இவனுடைய ஒவ்வொரு அடியும் எதிர்பார்த்த இடத்துக்கு ஒரு மயிரிழை தள்ளியே விழுகிறதாம், அந்தத் தாமதத்தில்தான் கேட்பவருக்குப் புல்லரிக்கிறதாம், சுவருக்குப் பின்னால் இருக்கும் அந்த மனிதர் ஒரு கலைஞனின் அழகான கற்பனையாம்.

ஐயா, வீட்டு விஷயத்தைக் கடைத்தெருவில் போட்டது ஒரு தப்பு, போட்டதைக் கற்பனை என்று எழுதியது அதைவிடப் பெரிய தப்பு. 'ரெண்டுல ஏதாவது ஒண்ணுக்குக் கோவப்படுங்க' என்கிறாள் என் மனைவி. எனக்கு இரண்டுக்கும் வருகிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டுக்கு நாங்கள் வந்தபோது பெரியவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள், சின்னவன், அதாவது தங்கள் கட்டுரையின் நாயகன், தவழ்ந்துகொண்டிருந்தான். வந்த புதிதில் ஒரு நாள், மதியச் சாப்பாடு முடிந்து தட்டுகளை எடுத்த பிறகு, மேஜையை ஒட்டிய கிழக்குச் சுவரில் மூன்று தட்டு கேட்டது. அவசரம் இல்லாத, மரியாதையான தட்டு. பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ கேட்கிறார் என்று நினைத்து என் மனைவி கரண்டிக் காம்பால் பதிலுக்கு இரண்டு தட்டு தட்டினாள். 'யாருன்னு போய்ப் பாருங்க, சர்க்கரை கிர்க்கரை வேணுமோ என்னமோ' என்றாள். நான் எழுந்து வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். கிழக்கே வீடு கிடையாது. எங்கள் வீடுதான் கடைசி. சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் காற்று, கீழே வண்டி நிறுத்துமிடம். 'யாருங்க?' என்றாள். 'யாரும் இல்லை' என்றேன். 'சரி, நாளைக்குக் கேப்பார்' என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். மறுநாளும் தட்டினார், பதில் சொன்னோம். அதற்கு மறுநாளும் அப்படியே. கிழக்கு வீட்டுக்காரர் என்று அவருக்குப் பெயரும் விழுந்துவிட்டது.

மேஜையருகே யார் இருக்கிறார்களோ அவர்கள் பதில் சொல்ல வேண்டும், இதுதான் எங்கள் வீட்டு வழக்கம். வாயில் கடைசிக் கவளம் இருந்தாலும் ஒரு கை சும்மாதானே இருக்கிறது. பெரியவள் பென்சிலால் தட்டுவாள், நான் விரல் முட்டியால், சின்னவன் கையில் எது அகப்பட்டதோ அதால். அவன் 'அம்மா' என்று சொல்ல ஆரம்பிக்கும் முன்பே பதில் தட்ட ஆரம்பித்துவிட்டான். நாங்கள் எல்லாரும் வெளியூர் போவதாக இருந்தால், என் மனைவி கிளம்பும்போது சுவரருகே போய், 'ரெண்டு நாள் இருக்க மாட்டோம், தப்பா நினைச்சுக்காதீங்க' என்று சொல்லிவிட்டு வருவாள். யாரும் எங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒருவர் கூப்பிட்டால் என்ன என்று கேட்பது மனுஷத்தன்மை, அவ்வளவுதான்.

என்னை ஏமாளி என்று நினைத்துவிடாதீர்கள். லிஃப்ட் கூண்டில் கம்பி முனகும், கப்பி விசிலடிக்கும், ஆள் இல்லாத மாடியில் கதவு பெருமூச்சு விடும். அத்தனைக்கும் காரணம் கண்டுபிடித்து, 'குறை ஒன்றும் இல்லை' என்று முத்திரை குத்தியவன் நான். இந்தச் சுவரையும் விடவில்லை. உள்ளே குழாய் ஓடவில்லை, மின்கம்பி ஓடவில்லை. கட்டடத்துக்கு வெளிப்பூச்சு அடித்தபோது கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த பெயின்டரிடம் ஜன்னல் வழியாக, 'அந்தச் சுவர்ல விரிசல் ஏதாவது இருக்கா பாருப்பா' என்றேன். அவர் ஆடிக்கொண்டே போய்ப் பார்த்தார். 'விரிசல் இல்ல சார். ஒரே ஒரு இடம் மட்டும் தேஞ்சு வழவழன்னு இருக்கு. ஆளோட கை பட்டுப் பட்டுத் தேயுமே, அது மாதிரி. அதுமேல பெயின்ட் அடிக்கவா?' என்றார். என் மனைவி என்னைத் தள்ளிவிட்டு ஜன்னலில் தலையை நீட்டி, 'அந்த இடத்தை மட்டும் விட்டுடுங்க, அவர் கையில ஒட்டிக்கும்' என்றாள். சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போன பெயின்டர், மிச்சச் சுவருக்கு வேறு ஆளை அனுப்பினார்.

இப்படி நாங்களும் அவரும் ஒருவருக்கொருவர் தொந்தரவு இல்லாமல் காலம் தள்ளிக்கொண்டிருந்தோம். தங்கள் கட்டுரை வந்ததும் ரசிகர்கள் வர ஆரம்பித்தார்கள். படிக்கட்டு முழுக்க முடி. நீல நிறத்தில் முடி வைத்திருந்த ஒரு பெண், 'ஒரே ஒரு தடவை சுவரைத் தொட்டுக்கிறேன் அங்கிள்' என்று கேட்டு, தொட்டு, அழுதுவிட்டுப் போனாள். கீழ்வீட்டில் பல் டாக்டர் கிளினிக் வைத்திருக்கிறார். மேலே கூட்டம் நடக்கும் சத்தத்துக்கு அவருடைய நோயாளிகள் திடுக்கிட்டு வாயை மூடிவிடுகிறார்களாம், நடுவில் அவர் விரல் இருக்கிறது. கட்டுப்போட்ட விரலோடு அவர் மேலே வந்தார், குடியிருப்போர் சங்கச் செயலாளரும் கூடவே வந்தார். 'ஆவி இருக்கிற கட்டடம்னு பேர் வந்துட்டா யார் சார் குடிவருவாங்க? கற்பனைன்னு பத்திரிகையிலயே போட்டிருக்காங்க. அதையே நீங்களும் எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க, முடிஞ்சுது' என்றார் செயலாளர். முத்திரை குத்திப் பழகிய கை பாருங்கள், எனக்கும் ஒரு வேகம் வந்துவிட்டது. மறுநாள் மதியம் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், உட்கார்ந்து டீ குடியுங்கள், சுவர் சுவராகத்தான் இருக்கிறது என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் போனதும் மனைவியிடம், நாளைக்கு என்ன கேட்டாலும் பதில் தட்டக் கூடாது என்றேன். 'வேண்டாங்க. வெளியாள் முன்னாடி தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கிட்டா யாருக்குத்தான் மனசு கஷ்டப்படாது?' என்றாள். நான் கேட்கவில்லை.

எல்லாரும் வந்தார்கள். டாக்டர், செயலாளர், வாசற்படியில் அந்த நீல முடிப் பெண். டீ வைத்தோம். சொல்லி வைத்தாற்போல மூன்று தட்டு. செயலாளர் என்னைப் பார்த்தார். நான், 'லிஃப்ட்' என்றேன். லிஃப்ட் ஒரு வாரமாக ஓடவில்லை, ஓடவில்லை என்று பலகை எழுதித் தொங்கவிட்டவரே அவர்தான். என் மனைவி இரண்டு கைகளையும் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி மூன்று தட்டு, இந்தத் தடவை மெதுவாக. உள்ளே விளக்கு எரிவது தெரிந்தும் கதவைத் திறக்காத வீட்டில் நாம் இரண்டாம் முறை தட்டுவோமே, அந்த மாதிரி. நான் டீயைக் குடித்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஒரே ஒரு தட்டு. அது சுவரிலிருந்து வரவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து, எங்கள் கால்களுக்கு நடுவிலிருந்து வந்தது. கோப்பைகள் எல்லாம் ஒரு தடவை குதித்து அடங்கின. டாக்டர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார், இன்னும் எடுக்க வரவில்லை. செயலாளர் மட்டும் வாசல்வரை நிதானமாக நடந்துபோய், 'கற்பனைதான் சார், சந்தேகமே இல்ல' என்று சொல்லிவிட்டுப் பிறகு ஓடினார்.

அதோடு சரி. மறுநாள் மதியம் தட்டுகளை எடுத்துவிட்டு நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம், ஒன்றும் வரவில்லை. என் மனைவி தானாகவே இரண்டு தட்டு தட்டிப் பார்த்தாள். கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னால் எப்படி இருக்கும்? சுவர் அப்படி இருந்தது. மனிதர் வீட்டை விட்டுப் போய்விட்டார்.

எங்கே போனார் என்று தேடாத இடமில்லை. ஒவ்வொரு மாடியிலும் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்தால் இப்போதெல்லாம் பக்கத்து வீடுகளில் சட்டென்று கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். பல் டாக்டர் ஒரு நாள் படிக்கட்டில் என்னை நிறுத்தி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, 'சார், ஒரு பேஷன்ட்டுக்கு எந்தப் பல்லு வலிக்குதுன்னு பாக்க லேசாத் தட்டினேன். மருந்து அலமாரிக்குள்ளேர்ந்து பதில் வந்துச்சு' என்றார். நான் அவரைத் தள்ளிக்கொண்டு கிளினிக்குக்குள் ஓடி, அலமாரியைத் திறந்து, தட்டி, கெஞ்சி, மன்னிப்புக் கேட்டுப் பார்த்தேன். பஞ்சும் பாட்டிலும்தான் இருந்தன. பதில் சொல்ல ஒரு ஆள் கிடைக்குமா என்று கட்டடம் முழுக்க அவர் அலைந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன் ஐயா. பயமா பாவமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும். டீ குடித்த அந்த நாள் சாயங்காலமே பையன் போன் செய்தான். என்னிடம் அவனாகப் போன் செய்வது அபூர்வம். 'அப்பா, இன்னைக்கு அவர் தட்டினாரா?' என்றான். 'தட்டினார்' என்றேன். 'யாரு பதில் சொன்னது?' என்றான். நான் லிஃப்ட் ரிப்பேரைப் பற்றி ஏதோ பேசினேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு வைத்துவிட்டான். பிறகுதான் அவன் குழுவின் பாடகன் சொல்லித் தெரிந்தது. ஒத்திகையில் பாட்டு ஆரம்பித்து எல்லாரும் வாசிக்கிறார்கள், இவன் குச்சியைத் தூக்கியபடி பஸ்ஸுக்கு நிற்கிறவன் போலக் காத்திருக்கிறானாம். பாட்டு முடிகிற வரை குச்சி கீழே வரவில்லை. காதுக்குள் டிக் டிக் என்று தாளம் சொல்லும் கருவி ஒன்றை மாட்டி விட்டார்கள். அதைக் கேட்டு வாசித்தான், தள்ளிப்போகாமல் அச்சாக விழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். இவன் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு நேரே இங்கே வந்துவிட்டான். 'அது கரெக்டாத்தான்பா இருக்கு. ஆனா அதுல யாருமே இல்லையே' என்றான். வந்ததிலிருந்து கிழக்குச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறான். கொடுத்தால் சாப்பிடுகிறான், கேட்டால் பதில் சொல்கிறான். என்மேல் ஒரு வார்த்தை கோபப்படவில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வரும் சனிக்கிழமை பெரிய அரங்கத்தில் நிகழ்ச்சி. இவன் குச்சி கீழே இறங்காவிட்டால் உட்கார வைக்க வேறு ஆளைப் பார்த்து வைத்துவிட்டார்கள். அவனுக்கு இதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது ஐயா. தெரிந்துகொள்ள நாங்களும் விட்டதில்லை.

ஆகவே தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், கீழ்க்கண்டவாறு வெளியிட வேண்டும்: 'கிழக்கு வீட்டுக்காரர் கற்பனை அல்ல. யாருக்கும் தொந்தரவு கொடுக்காதவர், ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு எடுக்காதவர். அவர் மனம் நோக எழுதியதற்கு வருந்துகிறோம். எங்கிருந்தாலும் வீடு திரும்பவும். மேஜையருகே ஆள் இருக்கிறது.' காணாமல் போனவர் அறிவிப்புக்குப் படம் வேண்டும் என்பீர்களானால், சுவரைப் படம் எடுத்து அனுப்புகிறேன். வாசகர்களில் யாருக்காவது சுவரில் மூன்று தட்டு கேட்டால், பயந்து சும்மா இருந்துவிட வேண்டாம் என்றும், பதிலுக்கு இரண்டு தட்டு தட்டி, 'உங்களை வீட்டில் தேடுகிறார்கள்' என்று சொல்லி அனுப்பும்படியும் சேர்த்துப் போடுங்கள். நிருபர் அம்மையாரை வேலையை விட்டு நீக்கச் சொல்லவில்லை. ஒரு மாதம் எங்கள் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடட்டும், போதும்.

தங்கள் பத்திரிகை நாளொரு வாசகரும் பொழுதொரு விளம்பரமுமாக வளரட்டும். தங்கள் அலுவலகச் சுவர்கள் என்றும் சத்தமில்லாமல் இருக்க வாழ்த்துகிறேன். தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி, நிருபர் அம்மையாருக்கு மேற்படி கோபம்.

இப்படிக்கு,
தங்கள் நான்கு பக்கத்துக்கும் தகப்பன்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை ஒட்டித் தபாலில் போடுவதற்காகச் சட்டைப் பையில் வைத்தேன், சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு அதோடே போய்விட்டேன். இப்போது பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதியது எதையும் வெளியிட வேண்டாம்.

எங்களுக்கு முன்வரிசையில் மூன்று இருக்கை கொடுத்திருந்தார்கள். பெரியவளால் வர முடியவில்லை, அவள் இருக்கை எங்கள் இருவருக்கும் பக்கத்தில் காலியாகக் கிடந்தது. பையன் வந்து உட்கார்ந்தான், குச்சியைத் தூக்கினான், அப்படியே இருந்தான். பாடகன் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். மேடை ஓரத்தில் அந்த இன்னொரு டிரம்மர் விரலைச் சொடுக்கிக்கொண்டு தயாராக நிற்கிறார். அரங்கம் முழுக்க மூச்சுச் சத்தம்கூட இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. 'நான் தட்டட்டுமா?' என்று மனைவியிடம் கேட்டேன். 'நீங்க தட்டினா அவனுக்குத் தெரிஞ்சிடும்' என்றாள். அப்போது மூன்று தட்டு கேட்டது. அடுத்த நொடி பின்வரிசைகளில் மூன்று தட்டு, அதற்குப் பின்னாலும், பால்கனியிலும். தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு வந்த கூட்டம் ஐயா, அத்தனை பேரும் இருக்கைக் கைப்பிடியில் மூன்று தட்டு தட்டினார்கள். பையன் தலை நிமிர்ந்தது. மயிரிழை பொறுத்தான். பிறகு இரண்டு அடி அடித்தான் பாருங்கள், என் மனைவி என் கையை நகம் பதியப் பிடித்தாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

நிகழ்ச்சி முடிந்ததும், யார் முதலில் தட்டியது என்று விசாரித்தேன். பால்கனியில் இருந்தவர்கள் கீழே கேட்டதாகச் சொன்னார்கள். நீல முடிப் பெண், 'எனக்கு முன்சீட்டுல கேட்டுச்சு அங்கிள், நானும் தட்டினேன்' என்றாள். அவள் முன்சீட்டுக்காரரும் அதையே சொன்னார். வரிசை வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து எங்கள் வரிசையில் நின்றேன். காலி இருக்கைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் கோட்டை மாட்டிக்கொண்டே, 'என்ன சார் என்கிட்ட கேக்கறீங்க? உங்க கூட வந்தவர்தானே முதல்ல தட்டினார்' என்றார்.

ஆகவே மறுப்பு எதுவும் வேண்டாம். கற்பனை என்று போட்டது போட்டபடியே இருக்கட்டும், படிக்கட்டில் கூட்டமாவது குறையும். நிருபர் அம்மையாரை நான் மிகவும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

வெளியே டாக்சி பிடித்தோம். மனைவி ஏறி ஒரு ஓரமாக உட்கார்ந்தாள், நான் வழக்கம்போல அவள் பக்கத்தில் ஏறப் போனேன். 'அந்தப் பக்கமா வந்து ஏறுங்க, நடுவுல இடம் விடுங்க' என்றாள். சுற்றிப்போய் ஏறினேன். டிரைவர் வண்டியைக் கிளப்பாமல் திரும்பி நடு இடத்தைப் பார்த்து, 'இன்னும் ஒருத்தர் வரணுமா சார்?' என்று கேட்டார்.

'ஏறியாச்சு' என்றாள் என் மனைவி. 'நீங்க வண்டிய எடுங்க.'